மாறியதாகச் சொல்லாமல் மாறிய போதனை

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட ‘நோஸ்த்ரா ஏதாத்தே’ என்ற அறிக்கையை அறிந்த தமிழ்க் கத்தோலிக்கர்கள், பெரும்பாலும் இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றி அதில் வரும் சில வரிகளுக்காகவே அதை அறிந்திருக்கிறார்கள். பிற சமயங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்ற வாக்கியம், பல்சமய உரையாடல் பற்றி நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் அந்த அறிக்கையை எழுதத் தொடங்கியபோது அதில் இந்து சமயமும் இல்லை, பௌத்தமும் இல்லை, இஸ்லாமும் இல்லை. யூதர்களைப் பற்றித் திருச்சபை இனி என்ன சொல்ல வேண்டும் என்ற ஒரே கேள்விக்கு விடையாகவே அது தொடங்கியது. மற்றவை பின்னர் வந்து சேர்ந்தன. ஏன் சேர்ந்தன என்பதைப் பிறகு சொல்கிறேன். அறிக்கையின் ஐந்து பகுதிகளில் நீளமானது இன்றும் யூதர்களைப் பற்றிய நான்காம் பகுதிதான்.

அந்த நான்காம் பகுதியின் அடிக்குறிப்புகளைக் கவனித்தால் ஒரு விந்தை தென்படும். கத்தோலிக்கப் பொதுச்சங்கங்கள் எதையும் புதிதாகச் சொல்வதாகக் காட்டிக்கொள்வதில்லை. முந்தைய சங்கங்கள், திருத்தந்தையர் எனப்படும் போப்பாண்டவர்கள், தொடக்க நூற்றாண்டுகளின் ஆசான்களான திருச்சபைத் தந்தையர் என்று சாட்சிகளை அடுக்கி, இது நாம் என்றும் சொல்லிவந்ததுதான் என்று நிறுவுவதே அவற்றின் வழக்கம். முஸ்லிம்களைப் பற்றிய மூன்றாம் பகுதிக்குக்கூட, திருத்தந்தை ஏழாம் கிரகோரி 11ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க முஸ்லிம் அரசர் ஒருவருக்கு எழுதிய நட்புக் கடிதத்தைத் தேடிப்பிடித்து ஆதாரமாக வைத்திருக்கிறார்கள். யூதர்களைப் பற்றிய பகுதியில் அப்படி எந்தத் திருத்தந்தையும் இல்லை, எந்தப் பழைய சங்கமும் இல்லை. விவிலிய வசனங்கள் இருக்கின்றன. அவற்றோடு அதே சங்கம் ஓராண்டுக்கு முன் தானே வெளியிட்ட ஆவணம் ஒன்று சுட்டப்படுகிறது. திருத்தூதர் பவுலுக்கும் 1964க்கும் இடையில் மேற்கோள் காட்டத் தகுந்த ஒரு வரிகூட அகப்படவில்லை.

அந்த நூற்றாண்டுகளில் திருச்சபை யூதர்களைப் பற்றிப் பேசாமல் இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. 59ஆம் திருப்பாடலில் வரும் ‘அவர்களைக் கொன்றுவிடாதேயும்’ என்ற அடியை எடுத்துக்கொண்டு, யூதர்கள் கொல்லப்படாமல் சிதறி வாழ வேண்டும், அவர்கள் கையிலிருக்கும் மறைநூலும் அவர்களுடைய தாழ்ந்த நிலையும் கிறிஸ்தவ உண்மைக்குச் சாட்சியாக விளங்க வேண்டும் என்று புனித அகுஸ்தினார் வகுத்த கொள்கை, அடுத்த ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மேற்கு ஐரோப்பாவை ஆண்டது. அதில் ஒரு பாதுகாப்பும் இருந்தது, ஓர் இழிவும் இருந்தது. யூதரைக் கட்டாயப்படுத்தித் திருமுழுக்குக் கொடுக்கக் கூடாது, அவர்களுடைய வழிபாட்டுக்கு இடையூறு செய்யக் கூடாது என்று ஆணையிட்ட திருத்தந்தையர் பலர் உண்டு. யூதர்கள் தனி உடை அணிய வேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்ததும், 1555இல் திருத்தந்தை நான்காம் பவுல் உரோமை யூதர்களைச் சுவருக்குள் அடைத்ததும் அதே கொள்கையின் மறுபக்கம். சுவரடைத்த அந்த யூதக் குடியிருப்பின் சட்டத் தளைகள் முற்றாக அறுந்தது 1870இல், திருத்தந்தையின் அரசியல் ஆட்சி வீழ்ந்தபோதுதான்.

மக்கள் மனத்தில் நின்றதோ இவற்றைவிட எளிய ஒன்று: யூதர்கள் கடவுளின் மகனைக் கொன்றவர்கள், அதனால் சாபத்துக்கு உள்ளானவர்கள், அவர்கள் நாடற்று அலைவது அந்தச் சாபத்தின் விளைவு. ‘இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் விழட்டும்’ என்ற மத்தேயு நற்செய்தியின் வசனம் இதற்கு ஆதாரமாக ஓதப்பட்டது. உண்மையில் இந்தக் குற்றச்சாட்டு எந்தச் சங்கத்தாலும் விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பட்டதில்லை. இன்னும் வியப்பானது, திரிதெந்தின் சங்கத்தின் விருப்பப்படி 1566இல் வெளிவந்த மறைக்கல்வி நூல் இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது என்பது. கிறிஸ்துவின் சாவுக்குக் காரணம் மனிதரின் பாவமே. அவரை அறிந்தும் பாவம் செய்கிற கிறிஸ்தவர்களின் குற்றம் யூதர்களின் குற்றத்தைவிடப் பெரிது என்று அது எழுதியிருக்கிறது. பங்குக் குருக்களுக்கென்றே எழுதப்பட்ட நூல் அது. நானூறு ஆண்டுகள் அது குருக்களின் அலமாரியில் இருந்தும், மறையுரை மேடையிலிருந்து இறங்கி வந்தது மற்றதுதான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை இப்படியிருந்தது. 1904 ஜனவரியில் யூதர்களுக்குத் தனி நாடு நாடிய சியோனிச இயக்கத்தின் தலைவர் தியோடர் ஹெர்சல் திருத்தந்தை பத்தாம் பயஸைச் சந்தித்து ஆதரவு கேட்டபோது, யூதர்கள் நம் ஆண்டவரை ஏற்கவில்லை, ஆகவே யூத மக்களை நாம் ஏற்க இயலாது என்று அவர் மறுமொழி சொன்னதாக ஹெர்சலின் நாட்குறிப்பு தெரிவிக்கிறது. அந்தப் பதிலில் அரசியலைவிட இறையியலே மிகுதி. ஒரு மக்களினத்தின் இருப்பே கேள்விக்குரியது என்று நினைக்கும் இறையியல் அது.

வழிபாட்டில் அதன் முகம் புனித வெள்ளியன்று தெரிந்தது. அன்றைய பெரிய மன்றாட்டுகளின் வரிசையில், விசுவாசமற்ற, வஞ்சகமான என்றெல்லாம் பொருள் தரக்கூடிய ‘பெர்ஃபிதிஸ்’ என்ற அடைமொழியோடு யூதர்களுக்காக ஒரு மன்றாட்டு இருந்தது. ஏனைய மன்றாட்டுகள் ஒவ்வொன்றிலும் மக்கள் முழந்தாளிட்டுச் செபிப்பார்கள். இதற்கு மட்டும் முழந்தாளிட மாட்டார்கள். யூதர்கள் இயேசுவின் முன் முழந்தாளிட்டு ஏளனம் செய்தார்களாம், அந்தச் செயலை நாமும் செய்யலாகாதாம். 9ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த விளக்கம் கிடைக்கிறது. நற்செய்தியைத் திறந்து பார்த்தால், முள்முடி சூட்டி, முழந்தாளிட்டு ஏளனம் செய்தவர்கள் உரோமைப் படைவீரர்கள். ஆயிரம் ஆண்டுகளாக ஆண்டுக்கொருமுறை கற்றறிந்த குருக்கள் இந்தச் சடங்கை நிறைவேற்றியிருக்கிறார்கள், அந்த வாரத்திலேயே வாசிக்கும் இயேசுவின் பாடுகளின் வரலாற்றையும் அறிந்தவர்களாக. விரோதம் என்பது கண்முன் இருக்கும் வரியைக்கூடப் படிக்க விடாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இதை மாற்றும் முதல் முயற்சி 1926இல் உரோமையில் தொடங்கியது. யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கரான டச்சுப் பெண்மணி பிரான்சிஸ்கா வான் லேர் என்பவரும் குரு ஒருவரும் முன்னின்று தொடங்கிய ‘அமீச்சி இஸ்ராயேல்’, அதாவது இஸ்ரயேலின் நண்பர்கள், என்ற சங்கத்தில் இரண்டே ஆண்டுகளுக்குள் பத்துக்கு மேற்பட்ட கர்தினால்களும் இருநூறுக்கு மேற்பட்ட ஆயர்களும் ஏறத்தாழ 3000 குருக்களும் சேர்ந்தார்கள். யூதர்களின் மனமாற்றத்தையே அதுவும் நாடியது. ஆனால் அன்போடு நாட வேண்டும், கடவுள் கொலை என்ற பேச்சை விட வேண்டும், புனித வெள்ளி மன்றாட்டின் அந்த அடைமொழியை நீக்க வேண்டும் என்று அது கேட்டது. 1928இல் இந்த வேண்டுகோள் வத்திக்கானின் வழிபாட்டுத் துறையான வழிபாட்டுப் பேராயத்துக்குப் போனது. ஆராய்ந்த ஆசீர்வாதப்பர் சபை மடத்தலைவர் இல்தெபோன்சோ ஷுஸ்டர், கோரிக்கை நியாயமானதே என்று எழுதினார். ஆனால் விசுவாசக் காவல் அமைப்பான ‘திருப்பணியகம்’ குறுக்கிட்டது. அதன் செயலர் கர்தினால் மெர்ரி தெல் வால், தொன்மையால் புனிதமான மன்றாட்டில் கை வைப்பது தகாது என்று எதிர்த்தார். 1928 மார்ச் 25 அன்று அந்தச் சங்கம் கலைக்கப்பட்டது. ஷுஸ்டர் தம் கருத்துக்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு முரண் உண்டு. சங்கத்தைக் கலைத்த அதே ஆணை, ஒரு காலத்தில் கடவுளால் தேர்ந்துகொள்ளப்பட்ட மக்களுக்கு எதிரான வெறுப்பை, யூத எதிர்ப்பு என்று இப்போது அழைக்கப்படும் வெறுப்பை, திருத்தந்தையின் தலைமையகமான திருப்பீடம் கண்டிக்கிறது என்றும் சொன்னது. ‘ஒரு காலத்தில்’ என்ற அந்த இரண்டு சொற்களுக்குள்தான் முழுப் பிரச்சினையும் அடங்கியிருந்தது. யூதரை அடிப்பதும் வெறுப்பதும் பாவம். ஆனால் கடவுள் அவர்களைக் கைவிட்டுவிட்டார் என்பதில் ஐயமில்லை. வெறுக்காதே, ஆனால் வெறுக்கப்பட்டவர்கள் அவர்கள் என்று ஒரே மூச்சில் கற்றுக்கொடுத்தால், கேட்பவன் எதை நினைவில் வைத்திருப்பான் என்று அந்தக் கர்தினால்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பத்தாண்டுகளில் யோசிக்க வேண்டிய காலம் வந்தது. பதினோராம் பயஸ், அமீச்சி இஸ்ராயேலைக் கலைக்க ஒப்புதல் தந்த அதே திருத்தந்தை, 1938 செப்டம்பர் 6 அன்று பெல்ஜியத் திருப்பயணிகளிடம் பேசுகையில், நம் தந்தையாம் ஆபிரகாமின் பலி என்ற திருப்பலிச் சொற்களை வாசித்துக் கண் கலங்கி, யூத எதிர்ப்பில் கிறிஸ்தவர்கள் பங்குகொள்ள இயலாது, ஆன்மிக முறையில் நாம் அனைவரும் செமித்தியர், அதாவது யூதர்களின் இனவழியினர், என்றார். தற்காப்புக்கு எவருக்கும் உரிமையுண்டு என்ற ஒரு வாக்கியத்தையும் அதோடு சேர்த்தே சொன்னார் என்பதை, அந்தப் பேச்சை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வத்திக்கானின் நாளேடோ யூதர்களைப் பற்றிய பகுதியையே விட்டுவிட்டு உரையை அச்சிட்டது. அதே ஆண்டில் அவர் இன வெறிக்கு எதிராக ஒரு சுற்றுமடல் எழுதும்படி அமெரிக்க இயேசு சபைக் குரு ஜான் லஃபார்ஜிடம் இரகசியமாகச் சொல்லியிருந்தார். வரைவு தயாரானது. 1939 பிப்ரவரி 10 அன்று திருத்தந்தை இறந்தார், மடல் வெளிவரவில்லை. வெளிவந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று வருந்துவோர் பலர். எனக்கு அந்த உறுதி இல்லை. பிற்காலத்தில் வெளியான அந்த வரைவு இன வெறியை உறுதியாகக் கண்டித்தாலும், மீட்பரைப் புறக்கணித்த மக்கள் என்ற பழைய பாட்டையே யூதர்களைப் பற்றிப் பாடுகிறது.

போர்க்காலத்தில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் என்ன செய்தார், என்ன பேசாமல் இருந்தார் என்ற விவாதம் தனியொரு கடல். அதில் இங்கே இறங்கப் போவதில்லை. 1943 அக்டோபர் 16 அன்று உரோமையிலேயே யூதர்கள் நாத்சிகளால் பிடிக்கப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். 16 பேர் திரும்பினார்கள். அதே நகரின் கன்னியர் மடங்களிலும் துறவு இல்லங்களிலும் ஆயிரக்கணக்கானோர் ஒளித்து வைக்கப்பட்டுப் பிழைத்தார்கள். போதனையைப் பற்றிய கேள்விக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. கதவைத் திறந்த அந்தக் கன்னியர்கள் புதிய இறையியல் எதையும் படித்தவர்கள் அல்லர். அவர்கள் கற்றிருந்ததும் பழைய போதனைதான். அது அவர்களைத் தடுக்கவில்லை. ஆனால் கதவைத் திறக்காதவர்களையும் அது உறுத்தவில்லை.

அந்த உறுத்தலைத் திருச்சபைக்குள் கொண்டுவந்தவர் ஜூல் இசாக் என்ற பிரெஞ்சு யூதர். பல தலைமுறை பிரெஞ்சு மாணவர்கள் படித்த வரலாற்றுப் பாடநூல்களின் ஆசிரியர், கல்வித் துறையின் உயர் அதிகாரி. 1940இல், ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரெஞ்சு அரசான விஷி அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. 1943 அக்டோபரில் அவருடைய மனைவியும் மகளும் மருமகனும் கைது செய்யப்பட்டார்கள். மனைவியும் மகளும் ஆஷ்விட்சில் மடிந்தார்கள். உன் நூலை முடித்துவிடு, உலகம் அதற்குக் காத்திருக்கிறது என்று முகாமிலிருந்து மனைவி அவருக்குச் செய்தி அனுப்பியிருந்தார். தலைமறைவாக இருந்தபடி அவர் எழுதிக்கொண்டிருந்தது, நற்செய்திகளையும் அவற்றுக்குக் கிறிஸ்தவ உரையாசிரியர்கள் தந்த விளக்கங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஆய்வு. இயேசு யூதர், அவருடைய தாய் யூதர், சீடர்கள் யூதர். மக்கள் திரள் அவரை ஆர்வத்தோடு கேட்டது என்று நற்செய்திகளே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. யூதர்களின் சிதறல் இயேசுவின் சாவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இவையெல்லாம் பள்ளி ஆசிரியர் சிவப்பு மையில் பிழை திருத்துவதுபோல, வரி வரியாக, குரலை உயர்த்தாமல் செய்யப்பட்ட வேலை. நாத்சிகளின் யூத வெறுப்புக் கிறிஸ்தவம் அன்று. ஆயினும் கிறிஸ்தவர்கள் கற்பித்த இகழ்ச்சி அதற்கு நிலத்தைப் பண்படுத்தித் தந்தது என்பது அவருடைய முடிவு.

1947இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்க் என்ற ஊரில் யூதர்களும் கத்தோலிக்கர்களும் புரொட்டஸ்டன்ட் சபையினரும் கூடியபோது, இசாக் தயாரித்திருந்த 18 முன்மொழிவுகளைக் கொண்டே கிறிஸ்தவப் போதகர்களுக்கான பத்து அம்சங்கள் எழுதப்பட்டன. 1949இல் அவர் பன்னிரண்டாம் பயஸைச் சந்தித்து, புனித வெள்ளி மன்றாட்டைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய ஆண்டு வழிபாட்டுப் பேராயம் அந்த அடைமொழியைத் தாய்மொழிகளில் மென்மையாகப் பெயர்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தது. 1955இல் வெளியான புனித வாரச் சீர்திருத்தம் முழந்தாளிடுதலை மீட்டது. அடைமொழியை எடுத்தவர் அடுத்த திருத்தந்தையான இருபத்துமூன்றாம் யோவான். 1959இல், தாம் பதவியேற்ற பிறகு வந்த முதல் புனித வெள்ளியன்றே, ஆய்வுக்குழு ஏதும் அமைக்காமல். துருக்கியில் திருப்பீடத் தூதராக இருந்தபோது தப்பியோடி வந்த யூதர்களுக்கு உதவிய மனிதர் அவர்.

1960 ஜூன் 13 அன்று, தம் 82ஆம் வயதில், இசாக் அந்தத் திருத்தந்தையைச் சந்தித்தார். அவர் கொண்டுசென்ற கோப்பில், நான் மேலே சொன்ன திரிதெந்தின் மறைக்கல்வி நூலின் பகுதியும் இருந்தது. திருச்சபையின் சொந்த நூலை ஒரு யூதர் திருத்தந்தைக்கு எடுத்துக்காட்டினார் என்பது இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த நிகழ்வு. யூதர்களைப் பற்றிய போதனையை ஆராய ஒரு துணைக்குழு அமைக்க வேண்டும் என்று கேட்ட அவர், விடைபெறும்போது, சிறிது நம்பிக்கையோடு போகலாமா என்று வினவினார். நம்பிக்கையைவிட மேலானதற்கே உமக்கு உரிமை உண்டு என்றார் யோவான். மூன்று மாதங்களில், செப்டம்பர் 18 அன்று, அந்தப் பணி கர்தினால் அகுஸ்டின் பேயாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பேயா ஜெர்மானியர், இயேசு சபையினர், விவிலிய அறிஞர், பன்னிரண்டாம் பயஸின் ஒப்புரவுக் குரு. புரட்சியாளர் என்று எவரும் ஐயுற முடியாத 79 வயது முதியவர்.

அவர் கீழ் வரைவை எழுதியவர்களைப் பாருங்கள். யோகன்னஸ் ஓஸ்டர்ரைக்கர் மொராவியாவில் யூதராகப் பிறந்து குருவானவர். பெற்றோரை நாத்சிகளிடம் இழந்தவர். கிரெகரி பௌம் பெர்லினில் யூதத் தாய்க்குப் பிறந்து, அகதியாக இங்கிலாந்துக்கும் பின்னர் கனடாவுக்கும் போய்க் கத்தோலிக்கரானவர். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் இக்கேள்வியை உயிரோடு வைத்திருந்த கார்ல் தீமெ, புரொட்டஸ்டன்ட் சபையிலிருந்து வந்தவர். அவரோடு உழைத்த கெர்ட்ரூட் லுக்னர் யூதர்களுக்கு உதவியதற்காக ரேவன்ஸ்புரூக் முகாமில் அடைபட்டவர், இங்கிலாந்தில் பிறந்து பிற்பாடு கத்தோலிக்கரானவர். பரம்பரைக் கத்தோலிக்கர்களுக்குக் கண்ணில் படாதது இவர்களுக்குக் கண்ணில் பட்டது. இவர்களில் ஓஸ்டர்ரைக்கரும் தீமெயும் முதலில் யூதர்களின் மனமாற்றத்தையே இலக்காகக் கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 9 முதல் 11 வரையான அதிகாரங்களோடு ஆண்டுக்கணக்கில் போராடி, கடவுள் தாம் விடுத்த அழைப்பையும் கொடுத்த அருள்கொடைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்வதில்லை என்ற பவுலின் சொல்லை அதன் முழு எடையோடு ஏற்கும்வரை அவர்கள் தங்களையே மாற்றிக்கொண்டார்கள். அந்தத் திருமுகம் எப்போதும் விவிலியத்தில் இருந்ததுதான். நல்ல ஒலிவ மரத்தில் ஒட்டப்பட்ட காட்டுக் கிளை நீ, வேரை நீ தாங்கவில்லை, வேர்தான் உன்னைத் தாங்குகிறது என்று யூதரல்லாத புறவினத்தாரைப் பவுல் எச்சரித்ததை ஒவ்வொரு நூற்றாண்டும் வாசித்தது.

சங்கத்தில் அந்த வரைவு பட்ட பாடு சிறிதன்று. 1962 ஜூனில், உலக யூதப் பேராயம் இஸ்ரயேல் அரசின் அதிகாரி ஒருவரைத் தன் பிரதிநிதியாக உரோமைக்கு அனுப்பப்போவதாக அறிவித்ததும், அரபு நாடுகள் எதிர்த்தன. வரைவு நிகழ்ச்சி நிரலிலிருந்தே எடுக்கப்பட்டது. பேயா திருத்தந்தையிடம் முறையிட்டு மீண்டும் சேர்த்தார். 1963 நவம்பரில் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஆவணத்தின் நான்காம் அதிகாரமாக அது சங்கத்தின் முன் வந்தது. இறையியல் காரணங்களால் எதிர்த்த கர்தினால் ருஃபீனி போன்றவர்கள் ஒருபுறம். மறுபுறம், இதை இஸ்ரயேல் அரசுக்கான அங்கீகாரமாக எடுத்துக்கொண்டு அரபு நாடுகளில் தங்கள் மக்கள் தாக்கப்படுவார்கள் என்று அஞ்சிய கீழைத் திருச்சபைகளின் முதுபெரும் தந்தையர். இந்த இரண்டாம் எதிர்ப்பை யூத வெறுப்பு என்று தள்ளிவிடுவது அநியாயம். சிறுபான்மையாக வாழும் மந்தையின் உயிரைப் பற்றிய கவலை அது. யூதர்களைப் பற்றி மட்டும் பேசினால் தவறாகப் பொருள்கொள்ளப்படும், முஸ்லிம்களைப் பற்றியும் பேசுங்கள் என்றார்கள் அவர்கள். அப்படியானால் ஆசியாவின் சமயங்களை எப்படி விடுவது என்ற கேள்வியும் எழுந்தது. நமக்குப் பழக்கமான இந்து சமய வரிகள் பிறந்தது இப்படித்தான்.

1964 கோடையில் வெளியே கசிந்த வரைவில், யூதர்கள் ஒரு நாள் திருச்சபையோடு இணைவார்கள் என்ற எதிர்பார்ப்பு சேர்க்கப்பட்டிருந்தது. அமெரிக்க யூத அறிஞர் ரபி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல், மதமாற்றமா சாவா என்று கேட்டால் எந்நேரமும் ஆஷ்விட்சுக்குப் போக ஆயத்தமாக இருக்கிறேன் என்று எழுதி, செப்டம்பர் 14 அன்று திருத்தந்தை ஆறாம் பவுலை நேரில் சந்தித்தார். அம்மாத இறுதியில் நடந்த விவாதத்தில் அமெரிக்க, ஐரோப்பிய ஆயர்கள் பலர் எழுந்து, வரைவு போதாது, இன்னும் வலுவாக வேண்டும் என்றார்கள். மனமாற்ற வாக்கியம் போனது. அதன் இடத்தில், கடவுள் மட்டுமே அறிந்த ஒரு நாளில் மக்களினங்கள் எல்லாம் ஒரே குரலில் ஆண்டவரைக் கூவியழைத்துத் தோளோடு தோள் நின்று பணிபுரியும் என்ற செப்பனியா இறைவாக்கு வந்தது. மாற்றாக, கடவுள் கொலை என்ற குற்றச்சாட்டைப் பெயர் சொல்லி மறுத்த தொடரும் இறுதி வடிவில் காணாமல் போனது. யூத எதிர்ப்பைக் கண்டனம் செய்கிறது என்ற இடத்தில் அதற்காக வருந்துகிறது என்ற மெலிந்த சொல் வந்தது. 1965 அக்டோபர் 28 அன்று, இருபத்துமூன்றாம் யோவான் தேர்ந்தெடுக்கப்பட்டதன் ஆண்டு நாளில், 2221 பேர் ஆதரித்தும் 88 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். யோவானும் இசாக்கும் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்கள்.

வெளிவந்த உரை என்ன சொல்கிறது? இயேசுவின் பாடுகளில் நிகழ்ந்தவற்றுக்கு அன்று வாழ்ந்த யூதர் அனைவரையும் வேறுபாடின்றியோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்க முடியாது. அவர்கள் கடவுளால் தள்ளப்பட்டவர்கள், சபிக்கப்பட்டவர்கள் என்று மறைநூலிலிருந்து பெறப்படுவதுபோலக் காட்டக் கூடாது. மூதாதையரை முன்னிட்டு அவர்கள் கடவுளுக்கு இன்னும் மிக அன்பானவர்கள். சொல்லாததும் நிறைய. அறுபது இலட்சம் பேரின் படுகொலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இப்படிக் காட்டக் கூடாது என்று தடுக்கிறதே, இதுவரை காட்டியவர்கள் யார் என்று அது கேட்கவில்லை. யாரால் எப்போது நேர்ந்தாலும் என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. திருச்சபை இந்தப் பொருளில் ஆகப் பெரிய திருப்பத்தை எடுத்தபோது, திரும்புகிறோம் என்று சொல்லும் மொழி அதனிடம் இல்லை. பவுலிடமிருந்து நேரே 1964க்குத் தாவியது அந்தக் காரணத்தால்தான். தவறியதை ஒப்புக்கொண்டால் தன் போதனையின் தொடர்ச்சிக்கு என்ன ஆகும் என்ற அச்சம் அதற்கு இருந்தது என்று நான் கருதுகிறேன். அந்த அச்சத்தை மீறி வாக்களிக்க வைக்க இந்த மௌனம் தேவைப்பட்டிருக்கலாம். 2221 வாக்குகளை வேறு எப்படியும் பெற்றிருக்க முடியுமா என்பது எனக்கு விடை தெரிந்த கேள்வி அன்று.

கீழ்மட்டத்தில் விளைவுகள் விரைவாக வந்தன. 1475இல் ஒரு குழந்தையைக் கொன்றார்கள் என்ற பொய்க் குற்றச்சாட்டில் திரெந்து நகர யூதர்கள் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழந்தைக்கு நடந்துவந்த வணக்கம் 1965இல் ஒழிக்கப்பட்டது. யூதர்களின் மனமாற்றத்துக்காகச் செபிக்கவென்றே 19ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட சீயோன் அன்னை கன்னியர் சபை, யூதர்களோடு உரையாடுவதையும் யூத மறையைக் கிறிஸ்தவர்களுக்குக் கற்பிப்பதையும் தன் பணியாக்கிக்கொண்டது. பாடநூல்கள் மாறின, அமெரிக்கக் கத்தோலிக்கப் பாடநூல்களில் யூதர்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று ரோஸ் தெரிங் என்ற தொமினிக்கன் கன்னியர் 1961இல் முடித்த ஆய்வு, சங்க நாள்களில் பேயாவுக்கு உதவியிருந்தது. 1970இன் புதிய திருப்பலி நூலில் புனித வெள்ளி மன்றாட்டு, கடவுளின் வார்த்தையை முதலில் கேட்ட மக்கள் அவருடைய உடன்படிக்கைக்கு உண்மையாக நிலைக்க வேண்டும் என்று வேண்டுகிறது.

நம் கோவில்களில் இந்த மாற்றம் பெரிதாக உணரப்படவில்லை. யூதரை நேரில் கண்டிராத தமிழ்க் கத்தோலிக்கருக்கு யூதர் என்பவர் நற்செய்தியில் வரும் ஒரு பாத்திரம் மட்டுமே. புனித வெள்ளியன்று யோவான் நற்செய்தியின் பாடுகளை வாசிக்கும்போது, ‘யூதர்கள்’ என்ற சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அந்நற்செய்தியில் பல இடங்களில் அது தலைவர்களை மட்டுமே குறிக்கிறது என்றோ, அது பிற்காலப் பூசல்களின் தடத்தைத் தாங்கியது என்றோ மறையுரையில் நான் கேட்டதில்லை. மறையுரையிலும் மறைக்கல்வியிலும் யூதர்களையும் யூத மறையையும் எப்படிக் காட்ட வேண்டும் என்று திருப்பீடம் 1985இல் தனிக் குறிப்புகளே வெளியிட்டிருக்கிறது.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். சங்கம் சொல்லாமல் விட்டவற்றில் பலவற்றைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சொன்னார். 1980இல் மைன்ஸ் நகரில், கடவுளால் ஒருபோதும் திரும்பப் பெறப்படாத பழைய உடன்படிக்கை என்றார். 1986 ஏப்ரல் 13 அன்று உரோமையின் யூதத் தொழுகைக்கூடத்துக்குச் சென்று, நீங்கள் எங்கள் மூத்த சகோதரர்கள் என்று கூறலாம் என்றார். 1993இல் இஸ்ரயேல் அரசோடு தூதரக உறவுக்கான உடன்பாடு ஏற்பட்டது. 2000 மார்ச்சில் எருசலேமின் மேற்குச் சுவரில் மன்னிப்பு வேண்டும் செபத்தை வைத்தார். ஆனால் அங்கும், பாவம் செய்தது திருச்சபையின் பிள்ளைகள்தாம், திருச்சபை அன்று என்ற வேறுபாடு காக்கப்பட்டது. தவறியது நடத்தை, போதனை அன்று என்ற இந்தப் பிரிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. புனித வெள்ளியன்று முழந்தாளிடாமல் நின்றது தனிமனிதரின் குறைபாடு அன்று. வழிபாட்டு நூலில் சிவப்பெழுத்தில் இருந்த விதி.

தீராத கேள்வி ஒன்று மிஞ்சியது. உடன்படிக்கை இன்றும் உயிரோடு இருக்கிறதென்றால், யூதர்களைக் கிறிஸ்துவிடம் அழைக்க வேண்டுமா? 2008இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், பழைய இலத்தீன் வழிபாட்டைப் பயன்படுத்துவோருக்காக எழுதிய புதிய மன்றாட்டில், யூதர்கள் இயேசு கிறிஸ்துவை அனைவரின் மீட்பராக ஏற்க வேண்டும் என்று இறைவேண்டல் இருந்தது. யூதத் தலைவர்கள் பலர் வருந்தினார்கள். 1970இன் மன்றாட்டும் 2008இன் மன்றாட்டும் ஒரே நாளில் ஒரே திருச்சபையின் இரு பலிபீடங்களில் ஒலித்தன. 2015 டிசம்பரில், நோஸ்த்ரா ஏதாத்தேயின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, யூதர்களோடு சமய உறவுக்கான திருப்பீட ஆணையம் ஓர் ஆவணம் வெளியிட்டது. யூதர்களை நோக்கிய நிறுவனரீதியான மறைபரப்புப் பணி எதையும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவதுமில்லை, ஆதரிப்பதுமில்லை என்று அது தெளிவாக அறிவித்தது. கடவுளின் மீட்பில் யூதர்களுக்குப் பங்கு உண்டு. கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடாமல் அது எப்படி இயலும் என்பது ஆழம் காண முடியாத மறைபொருள் என்றும் எழுதியது. கூடவே முன்னுரையில், இது திருச்சபையின் ஆசிரியம், அதாவது அதன் போதிக்கும் அதிகாரம், வழங்கும் அதிகாரபூர்வப் போதனை அன்று, ஆணையத்தின் இறையியல் சிந்தனை மட்டுமே என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறது. நான்காம் பகுதி வந்த பிறகு எந்தப் பொதுச்சங்கமும் கூடவில்லை. ஆகவே, அழைக்க வேண்டியதில்லை என்று நடைமுறையில் முடிவாகியிருக்கிறது. ஏன் வேண்டியதில்லை என்பதற்கு அதிகாரபூர்வமான விடை இன்னும் எழுதப்படவில்லை.